இளங்குதிரையின் முதற் பரீட்சை

பரீட்சை என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு துடியாத மாணாக்கர் நமது கலாசாலையில் உளரோ என்பது ஐயமே. மூன்று மாதம் உறங்கிவிட்டுக் கடைசி மூன்று இரவு விழித்து நெட்டுருப் பண்ணியவர்க்கும், ஆண்டு முழுவதும் பாடம் படித்தவர்க்கும் அத்துடிப்பு ஒன்றே. ஆயின் மண்டபத்தினுள் நுழைந்து வினாத்தாளைப் புரட்டிய பின்னரே இருவர்க்குமுள்ள வேற்றுமை புலனாகும். இவ்வேற்றுமையை யான் கற்றது இக்கலாசாலையின் வகுப்புகளில் அன்று. நான்கு கால்களையுடைய ஒரு மாணாக்கியினிடத்தே. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனினும் ஆசிரியனுடைய குறைகளை இத்துணைத் தெளிவாக எடுத்துக்காட்டிய மாணாக்கர் பிறரை யான் கண்டதில்லை.

குதிரைக்குப் பரீட்சையா என்று வாசகர்கள் வியத்தல் கூடும். டிரெஸ்ஸாஜ் என்று வழங்கும் சவாரிக் கலையின் பெயர் பயிற்றுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிற் பிறந்தது. நீளம் 40 மீட்டரும் அகலம் 20 மீட்டருமுள்ள சமதளமான ஓர் அரங்கு. அதனைச் சுற்றி ஓரடி உயரமுள்ள வெண்ணிறத் தாழ்வேலி. வேலியோரத்தே எட்டு எழுத்துப் பலகைகள். உயர்ந்த வகுப்புகளுக்கு அரங்கின் நீளம் 60 மீட்டர். சவாரி செய்வோன் நுழைவாயிலாகிய ‘ஏ’ என்னும் எழுத்தருகே புகுந்து, நடுக்கோட்டின் வழியே நேராகச் சென்று, நட்டநடுவே குதிரையை நிறுத்தி நடுவரை வணங்குவான். பின்னர், முன்னரே அச்சிட்டு வழங்கப்பட்ட வரிசைப்படி இன்ன எழுத்தருகே வட்டம், இன்ன எழுத்தருகே ஓட்டம், இன்னவிடத்தே மெல்நடை என நான்கைந்து நிமிஷம் காட்டி மீண்டும் வணங்கி வெளியேறுவான். ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் உண்டு. பத்து என்பது உத்தமம். ஐந்து என்பது ஒருவாறு போதும் என்பது. பூச்சியம் என்பது கேட்டதைச் செய்யவேயில்லை என்பது. தொடக்க வகுப்பிலே நூற்றுக்கு அறுபது பெற்றவன் தலைநிமிர்ந்து வீடு செல்லலாம்.

இஃது அயல்நாட்டார் விளையாட்டாயிற்றே, நமக்கு என்ன உறவு என்பார்க்கு ஒரு வார்த்தை. கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டரசர் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் அரபு தேசத்துக் குதிரைகளை வருவித்தனரென்றும், பேணும் முறை அறிந்தார் இன்மையால் அவற்றுட் பல விரைவில் மடிந்தனவென்றும் எழுதிவைத்தார். நமது சென்னைக் கரையும் இதற்குச் சான்றே. துறைமுகம் எழும்புமுன் கப்பல்கள் ஆழ்கடலிலே நங்கூரமிட்டு நிற்க, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகள் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டியிருந்தது. கட்டுமரங்களும் மசூலாப் படகும் சூழ அவை கரையிறங்குங் காட்சியை 1834ஆம் ஆண்டில் அச்சான ஓர் ஓவியத்திற் காணலாம். நியூ சவுத் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தமையால் அக்குதிரைகளை ‘வேலர்’ என வழங்கினர். அண்மைக் காலத்துக்கு வருவோமாயின், 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில், அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியிலே இந்தியாவுக்குப் பொற்பதக்கம் ஈட்டினர். குதிரையேற்றத்தில் நம் நாடு பொன் பெற்றது 1982ஆம் ஆண்டின் தில்லிப் போட்டிக்குப் பின் அதுவே முதன்முறை. அந்நால்வரும் ஒரு காலத்தில் வட்டம் கோணிய மாணாக்கராய் இருந்தவர்களே என்பதை மறத்தலாகாது.

இனி என் கதைக்கு வருகின்றேன். யான் எர்ணாவூரிற் பிறந்தவன். இக்கலாசாலையை விட்டு வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, அங்கே தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவிலே சேணத்தில் அமரக் கற்றேன். சில ஆண்டுகளுக்குப் பின், பந்தயத்துக்கு வேகம் போதாதென்று விலக்கப்பட்ட நான்கு வயதுப் பெட்டைக் குதிரையொன்று என் கைக்கு வந்தது. நிறத்தினாற் செவலை, ஆதலின் பெயரும் செவலை ஆயிற்று. எங்கள் ஊரிலே உறவினர் ஒருவருடைய பழைய கிடங்கின் பின்புறத்திருந்த மனையை நிரவி, ஒரு லாயமும் கட்டி, அரங்கின் அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்து, எட்டுத் தகரடப்பாக்களில் எழுத்தெழுதி வைத்தேன்.

எர்ணாவூரை அறியாதார்க்கு அவ்விடம் எத்தகையதென்று சொல்லுதல் வேண்டும். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடப்பது எங்கள் ஊர். கிழக்கே எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசையாய் நிற்கும். மேற்கே கும்மிடிப்பூண்டி வழி ரயில் கூவிச் செல்லும். இடையிடையே தொழிற்சாலைச் சங்கு ஊதும். கடற்கரை மணலிற் குதிரையை ஓட்டலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கடலரிப்பினாற் கரை குறுகி, ஊரைக் காக்கக் கொட்டிய கருங்கற்களே பலவிடத்தும் கரையாய் நிற்கின்றன. எஞ்சிய மணலோ கால் புதையும் ஆழமுடையது. இளங்குதிரையின் தசைநாணுக்கு ஆழ்மணல் பெருந்தீங்கு. ஆதலின் அம்மனையே எங்கள் பள்ளிக்கூடம்.

குதிரையைப் பழக்கப் புகுவோன் முதலில் அதன் வயதை மதித்தல் வேண்டும். இரண்டரை வயது தொடங்கி நாலரை வயது வரை பாற்பல் விழுந்து புதுப்பல் முளைக்கின்றது. அக்காலத்தில் வாயிலிருக்கும் கடிவாளம் நோவு தருமாயின், தலையை உதறுங் குதிரையை முரடென்று அடிப்பது பேதைமை. முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயதைக் கடந்தே முற்றுகின்றது. ஆதலின் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு அரைமணிக்குச் சற்று மேற்பட்ட சவாரியே போதும். சேணம் முதுகிற் பொருந்துகின்றதா, லாடம் ஒழுங்காய் உள்ளதா, பல்லில் கூர்முனை உண்டா என்பவற்றை அறிந்தாரைக் கொண்டு பார்த்துவிடுக. தொடக்க வகுப்புக்கு நடுவிலே மூட்டுடைய சாதாரணக் கடிவாளமே உரியது.

அடுத்தது அறிவித்தல். குதிரை மனிதனுடைய மொழியை அறியாது. அழுத்தத்தையும் அழுத்தம் நீங்குதலையுமே அறியும். காலால் விலாவை மெல்ல அழுத்துகின்றோம். குதிரை ஓரடி முன்வைக்கின்றது. அக்கணமே கால் தளர்தல் வேண்டும். அந்தத் தளர்ச்சியே, ‘நீ செய்தது சரி’ என்னும் வாக்கியம். அழுத்தம் வினா, தளர்வு விடை. பயில்வோருட் பெரும்பாலார் வினாவை இடையறாது கேட்டுக்கொண்டேயிருப்பர். விடை வந்ததை ஏற்றுக்கொள்ளார். சரியான விடை சொல்லியும் ஆசிரியர் பிரம்பை இறக்காத வகுப்பிலே மாணாக்கன் என்செய்வான்? சிலகாலம் பதறுவான்; பின்னர் மரத்துப்போவான். விலாவில் உதைத்து உதைத்து மரத்துப்போன குதிரைகளைச் சவாரிப் பள்ளிகளிற் காண்கின்றோம். சோம்பேறி என்று அவற்றுக்குப் பெயர்.

செவலைக்கு இதில் ஓர் இடர் இருந்தது. பந்தயக் குதிரைக்கு லகானை இறுகப் பிடித்தால் அதன்மேற் சாய்ந்து விரைதலே பழக்கம். யான் நிறுத்துதற்பொருட்டு லகானைப் பிடிக்குந்தோறும் அவள் விரைந்தாள். அவள் விரையுந்தோறும் யான் இறுக்கினேன். இருவரும் மற்றவரே பிழைசெய்ததாக எண்ணியிருந்தோம். லாயத்தைப் பார்த்துக்கொண்ட முதியவர் ஒருவர், தம் தந்தை காலத்திலிருந்து ஜட்கா வண்டியும் பந்தயக் குதிரையும் கண்டவர், ஒருநாள் என்னை அழைத்து, “தம்பி, நீங்க இழுக்கிறவரைக்கும் அது இழுக்கும். ஒருத்தர் விடணும். அதுக்கு அறிவு கம்மி, நீங்களே விடுங்க” என்றார். “விட்டால் ஓடிவிடுமே, பாய்?” என்றேன். “ஓடட்டும். இந்த மனையை விட்டு எங்கே ஓடும்?” என்றார். அன்று முதல் விரலை மூடுதலும் உடனே திறத்தலுமாக ஒரு மாதம் கழிந்தது. அவள் ஓடவில்லை. ஒருநாட் காலை என் இடுப்பைச் சற்றே நிலைநிறுத்தி மூச்சை விட்டவளவில், லகான் இறுகுமுன்னரே நின்றாள். எனக்குப் பி.ஏ. பட்டம் கிடைத்த நாளினும் அந்நாள் மகிழ்ச்சியாயிருந்தது என்று சொன்னால் என் பழைய பேராசிரியர்கள் மன்னிப்பார்களாக.

நடையின் வகைகளை நம் முன்னோர் ஐந்து கதியென வகுத்தனர். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தார் 1952இல் அச்சிட்டுள்ளனர். ஆர்வமுள்ளார் தேடிப் பார்க்கலாம். தொடக்கப் பரீட்சைக்கு மூன்று நடை போதும். மெல்நடையில் நான்கு குளம்பும் தனித்தனியே ஊன்றுதலின் நான்கு தாளம். தொங்கோட்டத்தில் குறுக்குக்கால்கள் இணைந்து ஊன்றுதலின் இரண்டு தாளம். கேன்டர் எனப்படும் மென்பாய்ச்சலில் மூன்று தாளமும் அதன்பின் நான்கு காலும் நிலத்தை விட்டெழும் ஒரு கணமும் உண்டு. நடுவர் முதன்முதற் செவிகொடுப்பது இத்தாளத்துக்கே. திருப்பத்திலும் நேர்கோட்டிலும் தாளம் மாறாதிருக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய நம்மவர் இதில் அயல்நாட்டாரினும் பின்தங்கற்குக் காரணமில்லை. வாய்க்குள்ளே எண்ணிக்கொண்டு ஓட்டுக. எண்ணிக்கை தடுமாறுமிடத்தே குதிரையும் தடுமாறியிருக்கும்.

வட்டம் எளிதென்று நினைப்பார் பலர். கணித மாணாக்கர்க்கு இதனைத் தனியே சொல்லுகின்றேன். விட்டம் 20 மீட்டர். ஆகவே சுற்று ஏறக்குறைய 63 மீட்டர். தொங்கோட்டத்தில் இதனைச் சுற்ற ஏறத்தாழ 17 விநாடி செல்லும். ‘ஏ’ அருகே தொடங்கும் வட்டம் நான்கு இடங்களைத் தொடுதல் வேண்டும்: ‘ஏ’, அரங்கின் நடுப்புள்ளி, மற்றும் இரு நெடும்பக்கங்களிலும் மூலையிலிருந்து பத்தாவது மீட்டர். பக்கத்திலுள்ள முதல் எழுத்தோ மூலையிலிருந்து ஆறாவது மீட்டரிலேயே நிற்கின்றது. எழுத்தையே குறியாகக் கொண்டு ஓட்டுவோன் மூலைக்குள் புகுந்துவிடுவான். அவன் வட்டம் முட்டையாகும். எழுத்தைக் கடந்து நான்கு மீட்டர் சென்று வேலியைத் தொட்டு உடனே விலகுக. யான் நான்கு இடங்களிலும் சுண்ணாம்பு இட்டுப் பழகினேன். இரண்டு கால்வைப்புக்கு மேல் எவ்விடத்தும் நேராகச் செல்லலாகாது. மனிதருள் வலக்கையர் இடக்கையர் இருத்தல்போலக் குதிரைக்கும் ஒருபுறம் வளைதல் எளிது, மறுபுறம் அரிது. எளிய புறத்தில் மகிழ்ந்து பலமுறை சுற்றுதல் இயல்பு. இரு புறத்துக்கும் காலத்தைச் சமமாய்ப் பங்கிடுக.

நடுக்கோட்டில் நேராகச் சென்று நிற்றலே எல்லாவற்றினும் அரிது என்பேன். வேலியோரத்தே நேராகச் செல்வது வேலியின் உதவியாலாகும், நடுக்கோட்டில் அவ்வுதவியில்லை. மெதுவாகச் சென்றால் நேராகலாம் என்று எண்ணுவது பிழை. மெல்ல ஓட்டும் மிதிவண்டி ஆடுமன்றோ? அதுபோலவே குதிரையும். முன்னோக்கிய ஊக்கம் இருந்தால் நேர்மை தானே வரும். நிற்கும்போது நான்கு காலும் ஒரு நீள்சதுரத்தின் நான்கு மூலைபோல் அமைந்து, வணங்கி முடியும்வரை அசையாதிருத்தல் வேண்டும். ஆடவராயினும் பெண்டிராயினும் லகானை ஒரு கையிற் கொண்டு மறுகையைத் தொங்கவிட்டுத் தலைவணங்குவதே வழக்கம். ஒரு கையில் லகான் மாறும் அக்கணத்தை இளங்குதிரை விடுமுறை மணியென்று நினைத்துப் புறப்பட்டுவிடும். லாயத்துக்கு முன்பும், சவாரி முடிந்தும், எங்கெங்கு நின்றாலும் அவ்வாறு கைமாற்றிப் பழக்குக.

சென்னைக் கரையின் வெப்பத்தைக் குறித்தும் ஒரு சொல். காற்றிலே ஈரம் மிகுந்திருத்தலின் குதிரையின் வியர்வை ஆவியாய்ச் செல்வதில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகள் சிலவற்றுக்கு இங்கே வியர்க்குந் தன்மையே அற்றுப்போவதுண்டு. மூச்சு வாங்க நிற்கும் குதிரையின் தோல் வறண்டிருப்பின் உடனே நிழலிற் சேர்த்து உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி மருத்துவரை அழைத்தல் வேண்டும். கோடையில் யாங்கள் சூரியோதயத்துக்கு முன்னரே முடித்துவிடுவோம். மீனவர் படகு திரும்பும் வேளையில் செவலை குளித்துப் புல் தின்றுகொண்டிருப்பாள்.

இவ்வளவும் செவ்வையாகவே நடந்தன. பின்னர் யான் செய்ததுதான் பிழை. முதற் போட்டிக்கு இரண்டு மாதமிருக்க, பரீட்சையின் வரிசை அச்சிட்ட தாள் கைக்கு வந்தது. அன்று முதல் அவ்வரிசையையே நாள்தோறும் தலைமுதல் கடைவரை ஓட்டினேன். செவலை மிக்க கூர்மையுடையவள். ஒரு வாரத்திலேயே முழுவதும் அவளுக்கு மனப்பாடம். யான் கேட்குமுன்னரே வட்டத்திற் புகுந்தாள். எழுத்தை அடைந்தவுடன் தானே பாய்ச்சலைத் தொடங்கினாள். யான் அதனைக் கல்வி என்று மயங்கிப் பூரித்தேன். முதியவர் மட்டும், “குதிரைக்குப் பாடம் வந்துடுச்சு, தம்பி. உங்க பேச்சுத்தான் அதுக்கு இப்ப கேட்கலை” என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

போட்டி நாள் வந்தது. ஊரையும் அரங்கையும் பெயர் சொல்லவேண்டுவதில்லை. எவர் மீதும் குறையில்லை. மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம். லாரியில்லை, சங்கில்லை. கன்டெய்னர் லாரியின் ஹாரனுக்குக் காதை அசைக்காத செவலை, அந்த அமைதியிலே நடுங்கினாள். நடுவர் அமர்ந்திருந்த பந்தலின் துணி காற்றில் ஒருமுறை படபடத்தது, அவ்வளவே. நடுக்கோட்டிலே பக்கவாட்டில் பாய்ந்தாள். யான் கால்கொடுத்தேன், அவள் கேட்கவில்லை, கேட்கும் வழக்கத்தைத்தான் யான் இரண்டு மாதமாய் மறக்கடித்திருந்தேனே! தெரிந்த பாடத்தைப் பற்றிக்கொண்டாள். மூலைவிட்டமாய் அரங்கைக் கடக்கையில் நடுப்புள்ளி வந்ததும், அங்கே நிற்பதே பாடமென்று எண்ணி, கேளாமலே நின்றுவிட்டாள். யான் உதைத்தேன். புறப்பட்டாள்; முன்காலைத் தூக்கி வேலியைத் தாண்டி வெளியே சென்றாள். நான்கு காலும் அரங்குக்கு வெளியே போயின் பரீட்சை முடிந்தது என்பது விதி. மணி அடித்தார்கள்.

திரும்பும் வழியில் வண்டியின் பின்னே நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தேன். கழுத்திலே வியர்வை உப்பாய்ப் படிந்திருந்தது. அன்றிரவு கொள்ளு வைத்தபோது உண்ணாமல் சுவரை நோக்கி நின்றாள். அதன்பின் மூன்று வாரம் சேணத்தைக் கண்டவுடன் காதைப் பின்னே மடக்கினாள். இளங்குதிரையின் முதற் பரீட்சையில் இழக்கக்கூடியது மதிப்பெண் அன்று. மனிதன் கேட்பது தன்னால் இயலுவதே என்று அது கொண்டிருக்கும் நம்பிக்கை. அது போயின் மீட்பதற்கு, முதலில் ஈட்டியதினும் நெடுங்காலம் செல்லும். செவலைக்கு எட்டு மாதம் சென்றது.

அவ்வெட்டு மாதத்தில் பரீட்சைத் தாளை யான் பெட்டியிலிட்டுப் பூட்டினேன். அதன் உறுப்புகளை மட்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு வரிசையில் கேட்டேன். நேற்று நின்றவிடத்தே இன்று கடந்து சென்றோம். நடுக்கோட்டில் சிலபோது நின்றோம். பலபோது நில்லாமற் சென்றோம். எப்பொழுது கேட்பேன் என்று அறியாமையால் அவள் மீண்டும் கேட்கத் தொடங்கினாள். ஒரு காது எப்பொழுதும் என்புறம் திரும்பியிருக்கும். முழு வரிசையையும் போட்டிக்கு முந்திய வாரத்தில் இரண்டே முறை ஓட்டினேன். வரிசையை மனப்பாடம் பண்ண வேண்டியவன் சவாரி செய்வோனே. அதற்கு வீட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் அரங்கு வரைந்து நடந்து பழகுக. எங்கள் வீட்டார் என் புத்தியைக் குறித்து ஐயுற்றதுண்டு.

புதியதைக் காட்டிப் பழக்குதலும் தனிப்பாடமாயிற்று. குதிரையின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்திருத்தலின் ஏறக்குறையச் சுற்றிலும் காணும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டும் காணாது. ஒருபுறத்திலிருந்து கண்டு பழகிய பொருளையே மறுபுறத்திலிருந்து காணும்போது புதிதெனக் கொண்டு மருள்வதுண்டு. ஆதலின் எதனையும் இருபுறமும் காட்டுதல் வேண்டும். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலே இக்கலை முதன்முதற் சேர்க்கப்பட்டபோது, குதிரையின் துணிவைச் சோதிக்க ஓர் உருளையை அதன் எதிரே உருட்டிவிட்டனராம். யாங்கள் அத்துணை செல்லவில்லை. குடையை விரித்தோம், வெள்ளை நாற்காலியில் முதியவரை அமர்த்தினோம், பந்தல் துணியைக் கயிற்றிற் கட்டிக் காற்றில் ஆடவிட்டோம். மருண்டால் அடிப்பதில்லை, தட்டிக்கொடுத்துக் கெஞ்சுவதுமில்லை. அஞ்சாத தூரத்திலே நின்று, அவள் தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விடும்வரை பொறுத்து, ஓரடி அணுகி, மீண்டும் விலகுவோம். முக்கியமாக, மாதத்துக்கொருமுறை வண்டியிலேற்றி அயலிடத்துக்குக் கொண்டுபோய், ஒன்றும் கேளாமல், புல் தின்னவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தோம். வண்டியேறினால் துன்பம் என்று கற்றிருந்தவளுக்கு, வண்டியேறினால் புல் என்பது புதிய பாடம். செலவு மிகுதிதான். ஆயினும் போட்டிக் கட்டணத்தை வீணாக்குவதினும் குறைவே.

போட்டிநாளைக் குறித்துப் புதியவர்க்குச் சில சொல்வேன். இரண்டு மணி முன்னதாகச் சென்றுவிடுக. கையிற் பிடித்து இடத்தைச் சுற்றிக் காட்டுக. உடல் சூடேற்றும் ஓட்டத்திற் குதிரையைக் களைப்பாக்கிவிட்டால் அடங்கும் என்று சிலர் கருதுவர். களைத்த குதிரை இடறுமேயன்றி அடங்காது. வீட்டிலே எளிதாய்ச் செய்வதையே அங்கும் கேளுங்கள். புதிதாய் ஒன்றையும் அன்று கற்பியாதீர். மணி ஒலிக்குமுன் அரங்கின் வெளிப்புறத்தே சுற்றுகையில் நடுவரின் பந்தலருகே இருமுறை, இருபுறமாக, கடந்து செல்க. வழி தவறினால் மணி அடிப்பர், மானம் போயிற்றென்று பதறற்க, சிறிது மதிப்பெண்ணே குறையும், விட்டவிடத்திலிருந்து தொடங்கலாம்.

செவலையின் இரண்டாம் பரீட்சை மார்கழி மாதத்தில் நடந்தது. பந்தல் துணி அன்றும் ஆடிற்று. நடுக்கோட்டில் அவள் தலையைச் சற்றே உயர்த்தி அதனை நோக்கினாள். யான் மூச்சை விட்டு விரலை மூடித் திறந்தேன். காது என்புறம் திரும்பிற்று. நின்றாள். இடப்பின்கால் அரையடி பின்தங்கியிருந்தது. முதல் வட்டம் நன்று. வலப்புற வட்டம் சிறிது முட்டை. நெடுலகானில் மெல்நடை கேட்டவிடத்துக் கழுத்தை நீட்டித் தாழ்த்தி, எங்கள் எர்ணாவூர் மனையிலே உலாவுவதுபோல் உலாவினாள். அதற்கு ஏழு கிடைத்தது. பாய்ச்சலிலிருந்து ஓட்டத்துக்கு இறங்கியது முரடு, நான்கு. மொத்தம் நூற்றுக்கு அறுபத்தொன்றும் சில்லறையும். பங்குபற்றிய பதினொருவருள் எங்கட்கு ஆறாமிடம். நடுவர் தாளின் அடியிலே, குதிரை அமைதியுடையது, சவாரி செய்வோன் கைகள் இன்னும் மென்மையாதல் வேண்டும் என்று எழுதியிருந்தார். அத்தாளை முதியவருக்குப் படித்துக் காட்டினேன். “அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, செவலையின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றச் சென்றார்.